ஷட்டில் ராக்கெட்டை மறுபடி எப்போது தொடலாம்? தோள்மூட்டு மாற்றியவர்கள் விளையாட்டுக்குத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் நம் ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். தோள்மூட்டு மாற்றியவர்கள் குறைவு. அதனால் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையெல்லாம் முழங்காலிலிருந்து கடன் வாங்கியதாகவே இருக்கிறது. "வலித்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் அசைக்க ஆரம்பி, மூணு மாசத்துல ஓடலாம்" என்பார்கள். தோளுக்கு இது ஆகாது.

காரணம் எளிது. தோளில் எலும்புக்கும் எலும்புக்கும் உள்ள பிடிப்பு குறைவு. குழி ஆழமில்லை. சுற்றியிருக்கும் தசைநார்கள்தான் மூட்டை இடத்தில் வைத்திருக்கின்றன. புது மூட்டைப் பொருத்த சர்ஜன் உள்ளே போக வேண்டுமானால், பெரும்பாலும் அந்த நார்களில் ஒன்றை எலும்பிலிருந்து பிரித்துத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பத் தைத்துவிடுவார். இனி உங்கள் காலண்டரை நடத்தப்போவது உலோகம் அல்ல, அந்தத் தையல். நார் எலும்போடு ஒட்டிப் பலம் பெறுவதற்கு முன்பே வலி போய்விடுகிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். விளையாட்டுக்குத் திரும்புகிறவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஐம்பத்தைந்து அறுபது வயதில், தினமும் காலையில் ஷட்டிலோ நீச்சலோ டென்னிஸோ ஆடிக்கொண்டிருந்து, தேய்மானத்தால் தோள் போனவர்களை மனதில் வைத்து, ஃபிசியோதெரபி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் தோளைத் திறந்து பார்த்தவர் உங்கள் சர்ஜன். இங்கே படிப்பதும் அவர் சொல்வதும் மோதினால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில், உங்களுக்கு வைத்தது எந்த மூட்டு?

"தோள்மூட்டு மாத்தியாச்சு" என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் விதிகள் வேறு.

வழக்கமான முழு மாற்றில், மேற்கை எலும்பின் தலை இருந்த இடத்தில் உலோகப் பந்தும், தோள்பட்டைக் குழியில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் கிண்ணமும் வரும். கையைச் சுழற்றும் ரோட்டேட்டர் கஃப் தசைநார்கள் நான்கும் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே இது சரிவரும்.

ரிவர்ஸ் என்பது தலைகீழ். பந்து தோள்பட்டையில், கிண்ணம் மேற்கை எலும்பில். பிரெஞ்சு சர்ஜன் பால் கிராமோன் 1985-ல் கொண்டுவந்த முறை. அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2003-ல்தான். கஃப் கிழிந்து பயனில்லாமல் போனவர்களுக்கும், வயதானவர்களுக்கு எலும்பு நொறுங்கும்போதும் இதை வைக்கிறார்கள். கிராமோன் செய்தது என்னவென்றால், மூட்டின் சுழற்சி மையத்தை உள்பக்கமாகவும் கீழாகவும் நகர்த்தினார். அதனால் தோளின் மேல் போர்த்தியிருக்கும் டெல்டாய்ட் தசை, கஃப்பின் உதவி இல்லாமலே கையைத் தூக்கிவிடும். ஆனால் தூக்கத்தான் செய்யும். கையை வெளிப்பக்கம் திருப்புவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் பலருக்குக் குறைவாகவே திரும்பிவரும். ராக்கெட் ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

பாதி மாற்றில் பந்து மட்டும் புதிது, குழி பழையதே.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வழக்கமான முழு மாற்று செய்துகொண்ட விளையாட்டுக்காரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரும், ரிவர்ஸில் ஏறக்குறைய நாலில் மூன்று பேரும் ஏதோ ஒரு ஆட்டத்துக்குத் திரும்பியதாகச் சொல்கிறார்கள். பாதி மாற்றும் ரிவர்ஸை ஒட்டித்தான் வருகிறது. நல்ல எண்கள்தான். ஆனால் "திரும்பினார்" என்பதில் டபுள்ஸ் மட்டும் ஆடுபவரும் அடக்கம், ஷட்டிலை விட்டுவிட்டு நீச்சலுக்கு மாறியவரும் அடக்கம். ரிவர்ஸ் வைத்துக்கொள்பவர்களுக்கு வயதும் பொதுவாகக் கூடுதல். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு சர்ஜனிடம்

"எனக்கு எப்போ சரியாகும்?" என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. நீங்கள் என்ன ஆடுகிறீர்கள், எந்தக் கையால், வாரத்துக்கு எத்தனை நாள், சிங்கிள்ஸா டபுள்ஸா என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு அவர் தரும் பதில் வேறாக இருக்கும். ஷட்டில் ஆடுகிறேன் என்று சொன்னால் "வயசாச்சு, விட்டுடுங்க" என்பாரோ என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. சொல்லாமல் போய் ஆடுவதைவிட, சொல்லித் திட்டு வாங்குவது மேல்.

ஆபரேஷன் முடிந்தபின் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டின் வகை. மூட்டின் முன்பக்கம் இருக்கும் சப்ஸ்காபுலாரிஸ் நாரை எடுத்துத் தைத்தார்களா. பைசெப்ஸ் நாரை வெட்டி வேறு இடத்தில் பொருத்தினார்களா. மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. பைசெப்ஸை இடம் மாற்றியிருந்தால், முழங்கையை மடக்கி எடை தூக்குவது சுமார் ஆறு வாரத்துக்குக் கூடாது. தோளைத்தானே ஆபரேஷன் செய்தார்கள், முழங்கை நன்றாகத்தானே இருக்கிறது என்று பையைத் தூக்கிவிடுவார்கள்.

முதல் ஆறு வாரம்: தோளுக்கு ஓய்வு, காலுக்கு வேலை

ஸ்லிங் நான்கு முதல் ஆறு வாரம், இரவிலும்கூட. குளிக்கவும் பயிற்சி செய்யவும் மட்டும் கழற்றலாம். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் அடிக்கடி அசையுங்கள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆடவிடும் பெண்டுலம் பயிற்சியும், படுத்துக்கொண்டு நல்ல கையால் மற்றக் கையைத் தூக்கிவிடும் பயிற்சியும் ஃபிசியோ சொல்லித்தருவார். எவ்வளவு தூரம் என்பதற்கு எல்லை உண்டு. வெளிப்பக்கம் திருப்புவதைப் பல சர்ஜன்கள் 30 டிகிரியோடு நிறுத்துவார்கள், தைத்த நார் இழுபடாமல் இருக்க. இந்தக் காலத்தில் எல்லையைத் தாண்டிக் காட்டுவது சாதனை இல்லை.

படுக்கும்போது மல்லாந்து சமதளமாகப் படுத்தால் முழங்கை முதுகுக்குப் பின்னால் சரிந்துவிடும். முழங்கைக்கு அடியில் மடித்த துண்டோ சின்னத் தலையணையோ வையுங்கள். சாய்வு நாற்காலியில் சாய்ந்து தூங்குவது பலருக்கு முதல் சில வாரங்களில் சுகமாக இருக்கிறது.

எந்த வகை மூட்டு வைத்தவர்களுக்கும் ஆகாத காரியம், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுவது. பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும், பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போடுவதும், கனமான கதவை இழுப்பதும் இதே வகைதான்.

ரிவர்ஸ் வைத்தவர்களுக்கு இன்னொரு இடத்திலும் ஆபத்து உண்டு. கை முதுகுக்குப் பின்னால் போய், உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பும் நிலையில்தான் அந்த மூட்டு நழுவும். சட்டையைப் பின்பக்கம் பேன்ட்டுக்குள் செருகும்போது கை செய்வது சரியாக இதைத்தான். ஜாக்கெட்டின் பின்பக்க ஹூக் போடுவதும், பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பதும் அப்படியே. வெளிநாட்டுக் கையேடுகளில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் இடது தோளில் என்றால், கழிவறையில் பின்பக்கமாகக் கைவிட்டுக் கழுவுவதும் இதே நிலைதான். குறைந்தது 12 வாரத்துக்கு முன்பக்கமாகக் கழுவுங்கள், அல்லது ஹெல்த் ஃபாசெட்டை மற்றக் கையில் பிடித்துச் சமாளியுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்வி இது. மூட்டு நழுவிய பிறகு கேட்பதில் பயன் இல்லை.

சரி, இந்த ஆறு வாரமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? வேண்டாம். நடக்கலாம். முதல் வாரத்திலேயே வீட்டுக்குள், அப்புறம் தெருவில். தையல் பிரித்த பிறகு, அதாவது பெரும்பாலும் 10 முதல் 14 நாளில், நிலையான சைக்கிளில் கைப்பிடியைப் பிடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கலாம். சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்கப் பழகுங்கள். புதுத் தோளின் முதல் எதிரி கீழே விழுவது. உலோகத் தண்டு நுழைந்திருக்கும் எலும்பு அதன் நுனிக்குப் பக்கத்தில் முறிந்தால், சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலான வேலை. சமநிலைப் பயிற்சி அதற்கான தடுப்பூசி என்றே சொல்லலாம்.

ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு வரை

ஸ்லிங் கழன்றுவிடும். இப்போது கை தானாகத் தூக்கப் பழக வேண்டும். முதலில் படுத்தபடி, பிறகு சாய்ந்து உட்கார்ந்து, கடைசியாக நிமிர்ந்து உட்கார்ந்து. புவியீர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம், அவ்வளவுதான். மேஜைமேல் துணியைப் போட்டு முன்னால் தள்ளுவது, கப்பியில் கயிறு இழுப்பது, சுவரில் விரலால் ஏறுவது எல்லாம் இந்தக் கட்டத்தின் பயிற்சிகள்.

கண்ணாடி முன்னால் செய்யுங்கள். கையைத் தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறினால், டெல்டாய்டும் கஃப்பும் வேலை செய்யவில்லை, கழுத்துத் தசை திருடிச் செய்கிறது என்று அர்த்தம். தோள் ஏறாமல் எவ்வளவு உயரம் போகிறதோ அதுதான் உங்கள் உண்மையான உயரம். கை காதைத் தொட்டுவிட்டது என்று வீடியோ எடுத்து அனுப்புபவர்களின் தோளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சாப்பிடலாம், தலை சீவலாம், டைப் அடிக்கலாம். எடை என்றால் காபி டம்ளர் அளவு. கேரம் ஆடலாம், அதில் வேலை விரலுக்குத்தான். கார் ஓட்ட, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் திடீரென்று திருப்ப முடிகிறதா என்பதுதான் அளவுகோல். சர்ஜன் சரி என்றால் இந்தக் கட்டத்தில் ஆரம்பிக்கலாம். டூவீலரை மூன்று மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதைவிட, அதைத் தள்ளி ஸ்டாண்டில் போடுவதுதான் தோளைப் பதம் பார்க்கும்.

மூன்றாம் மாதம்: ஏமாற்றும் மாதம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பு இருந்த வலி, குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசியதால் வந்தது. அந்த உரசல் மேஜையிலேயே போய்விட்டது. வெட்டிய காயத்தின் வலி சில வாரங்களில் அடங்கிவிடும். ஆக, பத்தாவது வாரம் வாக்கில் பல வருடங்களில் இல்லாத அளவுக்குத் தோள் சுகமாக இருக்கும். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியும். "எனக்குச் சரியாகிவிட்டது" என்று மனது சொல்லும். ஷட்டில் கோர்ட்டுக்குப் போய்ச் சும்மா உட்காருவீர்கள். யாரோ ஒருவர் வரமாட்டார். "சும்மா நாலு ஷாட், சர்வீஸ் மட்டும்" என்று ராக்கெட் கைக்கு வரும்.

அந்த நேரத்தில் உள்ளே நிலைமை இதுதான்: தைத்த சப்ஸ்காபுலாரிஸ் எலும்போடு ஒட்டியிருக்கிறது, ஆனால் திடீர் இழுப்பைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை. தேய்மானக் காலத்தில் வருடக்கணக்கில் சரியாக வேலை செய்யாத தசைகள் மெலிந்துபோய்க் கிடக்கின்றன. தலைக்குமேல் ஒரு அடி, கை பின்னால் போய் வெளிப்பக்கம் திரும்பி வேகமாக முன்னால் வரும் அடி, அந்த நாரை அதன் முழு நீளத்துக்கு இழுத்துவிட்டுச் சுருக்கச் சொல்கிறது. பிய்ந்தால் ஒரு சத்தமோ சுருக்கென்ற வலியோ வரும். சிலருக்கு அதுவும் வராது, கையை வயிற்றோடு அழுத்தும் பலம் மட்டும் குறைந்துபோகும். பிய்ந்ததைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் மறுபடி தைப்பது கடினம். சிலருக்கு ரிவர்ஸாக மாற்ற வேண்டிவரும்.

அதனால் வலி இல்லை என்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு மாற்றிலும் சரி, ரிவர்ஸிலும் சரி, நாலாம் மாதம் முடியும் முன் ராக்கெட் வேண்டாம். கோர்ட் பக்கம் போனால் கை துறுதுறுக்கும் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், வேறு தெருவில் நடங்கள்.

பலம் சேர்க்கும் காலம்

மூன்று மாதச் சோதனையும் எக்ஸ்-ரேயும் சரியாக இருந்தால் ரப்பர் பேண்ட் வேலை தொடங்கும். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. 10 முதல் 15 முறை, இரண்டு சுற்று, பிறகு மூன்று. தினமும் செய்தால் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள், தசை வளர்வது ஓய்வு நாளில்தான்.

முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சிதான் ராக்கெட் ஆட்டக்காரருக்கு உயிர். அடித்து முடித்த கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள். அடிப்பவர்கள் எல்லோரும் முன்பக்கத்தையே வளர்க்கிறார்கள். பேண்டைக் கதவில் கட்டிப் பின்னால் இழுப்பது, மல்லாந்து படுத்து முஷ்டியைக் கூரையை நோக்கித் தள்ளுவது ஆகிய இரண்டும் தோள்பட்டை எலும்பைப் பிடித்துவைக்கும் தசைகளுக்கு. உள்பக்கம் திருப்பும் பயிற்சி, சப்ஸ்காபுலாரிஸ் தைத்தவர்களுக்குக் கடைசியாக, மிக மெல்லிய பேண்டில்.

எடை வேண்டுமென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அது அரைக் கிலோ. அதிலிருந்து மெதுவாக ஒரு கிலோ, இரண்டு கிலோ. நான்காம் மாதத்தில் சுவரில் கையூன்றித் தள்ளும் புஷ்-அப் சேர்க்கலாம். தரைக்கு இறங்க வேண்டாம்.

ரிவர்ஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் டெல்டாய்ட் இப்போது இழுத்துக் கட்டிய நிலையில் வேலை செய்கிறது. அது ஒட்டியிருக்கும் இடம் தோளின் உச்சி எலும்பு. பயிற்சியை அவசரமாகக் கூட்டினால் அந்த எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்குக் குறிப்பாக. தோளின் உச்சியில் விரலால் தொட்டால் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றால் பயிற்சியை அன்றைக்கே நிறுத்திவிட்டு சர்ஜனிடம் போங்கள்.

கோர்ட்டில் இறங்கும் முன் ஒரு சோதனை

நாலாம் மாதம் முடியும்போது இதைப் பாருங்கள். இரவில் தோள் வலியால் விழிக்கக் கூடாது. தோள் காதை நோக்கி ஏறாமல் கை குறைந்தது 120 டிகிரிக்குப் போக வேண்டும். ரிவர்ஸில் அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் தலைக்குமேல் அடிகள் உங்களுக்கு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பலம் மற்றக் கையில் சுமார் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃபிசியோவிடம் சின்னக் கருவி இருக்கும், அளந்து தருவார். உள்ளங்கையை வயிற்றில் வைத்து அழுத்தும்போது முழங்கை முன்னாலேயே நிற்க வேண்டும். பின்னால் சரிந்து மணிக்கட்டு மடிந்தால் சப்ஸ்காபுலாரிஸ் தயாராகவில்லை. ஒற்றைக்காலில் பத்து விநாடி தடுமாறாமல் நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். காலண்டர் நாலு மாதம் என்று காட்டுவதால் தோளுக்கு அது தெரிந்துவிடாது.

ஷட்டில், படிப்படியாக

எடையை வைத்துப் பார்த்தால் ஷட்டில் தோளுக்கு நல்ல ஆட்டம். இறகுப் பந்தின் எடை விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம். ராக்கெட் நூறு கிராமுக்குள். டென்னிஸ் பந்து 56 கிராமுக்கு மேல், ராக்கெட் முந்நூறு கிராம் அளவு. மோதும் அதிர்ச்சி ஷட்டிலில் அவ்வளவு இல்லை. ஷட்டிலில் தோளைக் கெடுப்பது வேகம். ஸ்மாஷ் அடித்த கையை நிறுத்த வேண்டியதும், பின்னால் ஓடிக்கொண்டே தலைக்குமேல் அடிப்பதும்தான் தொல்லை.

நாலாம் மாதத்தின் கடைசியில் ராக்கெட் இல்லாமல் கால் அசைவு மட்டும். முன்னால், பக்கவாட்டில். பின்பக்கமாக ஓடுவது இப்போது வேண்டாம். பிறகு ராக்கெட்டோடு, இடுப்புக்குக் கீழே மட்டும்: சர்வீஸ், நெட்டில் மெதுவாகத் தூக்கிவிடுவது. இப்போதைய விதியில் சர்வீஸை 1.15 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். அது உங்களுக்குச் சாதகம், முழங்கை விலாவை விட்டு விலகாமலே சர்வீஸ் செய்யலாம். ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு நாள்.

ஐந்தாம் மாதத்தில் மார்பு உயரம் வரை வரலாம். டிரைவ், பிளாக், டிராப். எதிரில் நிற்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக, சொன்ன இடத்துக்குப் போடுபவராக இருக்கட்டும். புள்ளி எண்ணாதீர்கள். எண்ண ஆரம்பித்தால் பதினெட்டுக்குப் பதினெட்டில் யாருக்கும் தோள் ஞாபகம் இருக்காது.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு, வழக்கமான முழு மாற்று செய்தவர்கள் தலைக்குமேல் கிளியர் அடிக்கத் தொடங்கலாம். அரை வேகத்தில், நின்ற இடத்திலிருந்து. டபுள்ஸில் முன்பக்கம் நில்லுங்கள். நெட் ஆட்டமும் இடைமறிப்பும் உங்களுக்கு, பின்னால் வரும் உயரப் பந்து எல்லாம் கூட்டாளிக்கு. இதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். பின்னால் ஓடித் தலைக்குமேல் எட்டி அடிக்கும்போதுதான் நம் வயதுக்காரர்கள் மல்லாந்து விழுகிறார்கள், விழும்போது கையை ஊன்றுகிறார்கள். ஸ்மாஷை என் கருத்தில் விட்டுவிடுவது நல்லது. ரிவர்ஸ் வைத்தவர்கள் சந்தேகமே இல்லாமல் விட்டுவிடுங்கள். டிராப்பும் ஏமாற்றும் தெரிந்த அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் அவ்வளவு எளிதாக ஜெயிக்க முடியாது, அந்த ஆட்டத்துக்கு மாறுங்கள்.

கயிற்றின் இறுக்கத்தைக் குறைத்துக் கட்டுங்கள், கைப்பிடி கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். ஷூ நல்ல பிடிப்புள்ளதாக வேண்டும். மழைக்குப் பிறகு சிமென்ட் கோர்ட்டில் இறங்காதீர்கள். ஆபரேஷன் ஆன கை ராக்கெட் பிடிக்காத கையாக இருந்தால் காலம் கொஞ்சம் குறையும், ஆனால் சமநிலைக்காக அந்தக் கையும் மேலே வீசும், விழுந்தால் அதுவும் ஊன்றும். எனவே விழாமல் இருக்கும் விதிகளில் சலுகை இல்லை.

ஒவ்வொரு நாளும் ஆடிய பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் அதே அளவில் தொடரலாம். மறுநாளும் இருந்தால் ஒரு படி இறங்கி ஒரு வாரம் இருங்கள். ஒரே வாரத்தில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

மற்ற ஆட்டங்கள்

நீச்சல், தோள் மாற்றியவர்கள் அதிகம் திரும்பும் ஆட்டங்களில் ஒன்று. காயம் முழுதாக ஆறிய பிறகு, சர்ஜன் சரி என்றபின், மார்பளவு தண்ணீரில் நடந்து கைகளைத் தண்ணீருக்குள்ளேயே அசைப்பதில் தொடங்குங்கள். மூன்று நான்கு மாதத்தில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், கை தண்ணீரை விட்டு மேலே வராதது அதன் வசதி. ஃப்ரீஸ்டைல் ஆறு மாதத்துக்குப் பிறகு. பட்டர்ஃப்ளை வேண்டாம். கிணற்றில் குதிப்பதும் வேண்டாம். ஏணியில்லாத குளத்தின் விளிம்பைப் பிடித்துக் கையால் உன்னி ஏறுவதுதான் பலர் மறந்துவிடும் ஆபத்து, படி இருக்கும் பக்கமாகவே ஏறுங்கள்.

டென்னிஸ் ஆறு மாதத்துக்குப் பிறகு, டபுள்ஸ், சர்வீஸைத் தலைக்குமேல் முழு வீச்சில் அடிக்காமல். கோல்ஃப் ஆடுபவர்களுக்கு நல்ல செய்தி, இது புதுத் தோள் நன்றாக ஒத்துப்போகும் ஆட்டம். மூன்று மாதம் வாக்கில் பட்டிங், பிறகு சிப்பிங், ஐந்து ஆறு மாதத்தில் முழு வீச்சு.

கிரிக்கெட்டில் பேட்டிங் பிரச்சினையில்லை. ஃபீல்டிங்கில் எல்லைக் கோட்டிலிருந்து தலைக்குமேல் எறிவதுதான் தோளுக்கு மோசம், ஸ்லிப்பில் நின்று கீழ்க்கையால் உருட்டிவிடுங்கள். வேகப்பந்து வீச்சு முடிந்த கதை. கபடி, வாலிபால், மல்யுத்தம் மூன்றும் எந்த வகை மூட்டுக்கும் ஒத்துவராது.

ஜிம்மைப் பற்றி ஒரு வரியில் முடிக்க முடியாது. வழக்கமான மாற்றில் நீண்ட காலத்தில் முதலில் இளகுவது குழியில் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம். மண்ணில் நட்ட முளைக்கம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கையோடு வருமே, அது மாதிரி. கனமான எடையில் பந்து கிண்ணத்தின் ஓரத்தை மாறிமாறி அழுத்தும்போது இதுதான் நடக்கிறது. எனவே பெஞ்ச் பிரஸ்ஸில் முழங்கை முதுகுத் தளத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. டிப்ஸ், கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் புல்டவுன், தலைக்குமேல் கனமான பார் எல்லாம் வேண்டாம். எத்தனை கிலோ வரை என்பதில் சர்ஜன்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, உங்களுடையவர் சொல்லும் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தண்ணீர் கேனும் கேஸ் சிலிண்டரும் அந்த எண்ணுக்குள் அடங்குமா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அடங்காது.

யோகாவில் எல்லாரும் பாதுகாப்பு என்று நினைக்கும் சூரிய நமஸ்காரத்திலேயே உடல் எடை முழுதும் தோளில் இறங்கும் நிலைகள் உண்டு. அவற்றை நாற்காலியோ சுவரோ வைத்து மாற்றிச் செய்யலாம். சிரசாசனமும் சக்ராசனமும் இனி வேண்டாம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் கோமுகாசனம் ரிவர்ஸ்காரர்களுக்கு ஆகாது.

எப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்

திடீரென்று "டக்" என்று சத்தம் வந்து பலம் குறைந்தால். தோளின் வடிவமே மாறி, கையை அசைக்க முடியாமல் போனால். ஆபரேஷன் காயத்திலிருந்து நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால். விழுந்தபின் மேற்கையில் வலி இருந்தால், எக்ஸ்-ரே எடுக்காமல் எண்ணெய் தேய்க்காதீர்கள். நாட்டு வைத்தியக் கட்டும் வேண்டாம், உள்ளே உலோகம் இருக்கிறது.

இவையெல்லாம் சத்தம் போடும் பிரச்சினைகள். சத்தமில்லாமல் வருவது ஒன்று உண்டு. தோலில் சாதாரணமாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் என்ற கிருமி, தோள்மூட்டில் மெதுவாக, மாதக்கணக்கில், காய்ச்சல் இல்லாமலே தொற்றை உண்டாக்கும். நன்றாக இருந்த தோள் எட்டாம் மாதத்திலோ இரண்டாம் வருடத்திலோ காரணமில்லாமல் இறுகி, உள்ளுக்குள் வலித்துக்கொண்டே இருந்தால் "அதிகமா ஆடிட்டேன் போல" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். 1893-ல் பாரிஸில் ழூல் பெயான் என்ற சர்ஜன் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு வைத்த உலகின் முதல் செயற்கைத் தோள்மூட்டையும் இரண்டு வருடம் போலக் கழித்துத் தொற்றுக்காகத்தான் வெளியே எடுத்தார்கள். இன்றைக்கு அதைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் வழிகள் இருக்கின்றன, நீங்கள் போய்ச் சொன்னால்.

முன்னேற்றம் ஒரு வருடம் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும், தொடர்ந்து வரும். ஆடத் தொடங்கிய பிறகு பேண்ட் பயிற்சியை நிறுத்திவிடுவதுதான் வழக்கம், வாரத்துக்கு இரண்டு நாளாவது தொடருங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் சர்ஜன் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, எக்ஸ்-ரே எடுங்கள். கிண்ணம் இளகுவதைக் காட்டும் மெல்லிய கோடு அதைச் சுற்றி வருகிறதா என்று முந்தைய படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி ஒரே உறையில் வையுங்கள். டாக்டரையோ ஊரையோ மாற்றினால் அந்த உறையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் உங்களோடு போகட்டும்.